இராயப்பரின் படகும் சுண்ணாம்புச் சுவரும்

ஓர் ஊருக்கு அங்குள்ள கோவிலால் பெயர் அமைவது தமிழ்நாட்டில் புதுமையன்று. தில்லை என்னும் ஊர் சிதம்பரம் ஆனது அப்படித்தான். சென்னையின் வடபுறத்தில், துறைமுகத்தை அடுத்துள்ள இராயபுரமும் அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. அங்கே எழுந்த கத்தோலிக்கக் கோவிலின் பாதுகாவலர் புனித இராயப்பர். அவர் பெயராலேயே புரம் பெயர் பெற்றது. இன்று இராயபுரம் என்றதும் தொடர்வண்டி நிலையமும் காசிமேட்டு மீன் சந்தையும் நினைவுக்கு வருமேயன்றி இராயப்பர் நினைவுக்கு வருவதில்லை. அப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மாணவர்களிடம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு ராயர், ஒரு சிற்றரசர், அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

ஒருவகையில் அந்த விடையிலும் உண்மை உண்டு. இயேசுவின் சீடர்களுள் முதல்வரான பேதுருவுக்குக் கத்தோலிக்கத் தமிழ் வழங்கிய பெயரே இராயப்பர். பழைய தமிழ்க் கத்தோலிக்க மரபு பெயர்களை ஒலிபெயர்ப்பதோடு நிற்கவில்லை. பொருளை ஆராய்ந்து புதுப்பெயர் ஆக்கியது. பவுலுஸ் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள், எனவே சின்னப்பர். யோவான் என்னும் எபிரேயப் பெயரில் இறைவனின் அருள் என்னும் பொருள் உண்டு, எனவே அருளப்பர். சூசையைத் தேம்பாவணியில் வளன் என்று வீரமாமுனிவர் அழைத்ததும் இந்நெறியிலேதான். பேதுரு என்றால் பாறை. ஆனால் அங்கே மட்டும் பெயரின் பொருளை விட்டுவிட்டு, அவர் வகித்த தலைமையை எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. கலிலேயாக் கடலில் வலை வீசிய ஒரு மீனவர் தமிழில் ராயர் ஆனார்.

இந்த மீனவ அரசருக்கு இராயபுரத்தில் கோவில் எழுப்பியவர்களும் கடல்தொழில் செய்தவர்களே. 1829இல் இப்போதைய கோவிலைக் கட்டியவர்கள் குருகுல வம்சத்தார் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட படகுத் தொழிலாளர் சமூகத்தினர். மகாபாரதத்துக் குருகுலத்தைத் தம் மூலமாகச் சொன்ன கத்தோலிக்கர்கள், உரோமைத் திருச்சபையின் முதல் தலைவருக்குக் கட்டிய கோவில் அது. தமிழகத்துச் சமய வரலாற்றைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் படிப்பவர்களை இந்த ஒரு வரி திகைக்கவைக்கும். அந்த வரிக்குள் ஒரு நகரத்தின் கதையும் அடங்கியிருக்கிறது.

*

1829ஐப் புரிந்துகொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டை எழுந்தது 1640 அளவில். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1642இல், எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி அங்கே வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் அவரைத் தங்கச் சொன்னதற்குக் காரணம் பக்தியன்று. கோட்டையைச் சுற்றிக் குடியேறிய போர்த்துகீசியரும் கலப்பின மக்களும் தமிழ்க் கத்தோலிக்கரும் வழிபாட்டுக்காகச் சாந்தோமுக்குப் போய்வந்து, அங்குள்ள போர்த்துகீசியச் செல்வாக்குக்கு ஆட்படுவதைக் கும்பெனி விரும்பவில்லை. சாந்தோமுக்கு அது பொறுக்கவில்லை. 1649இல் எஃப்ரேம் பிடிக்கப்பட்டுக் கோவாவின் சமய விசாரணை மன்றத்துக்கு அனுப்பப்பட்டார். பல தரப்பிலிருந்தும் நெருக்குதல் வந்த பிறகே அவர் விடுதலையாகித் திரும்பினார். கோட்டைக்குள் இருந்த புனித அந்திரேயா கோவில் அவருடைய பணிக்களமாகத் தொடர்ந்தது.

அக்கோவில் இன்று இல்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். உடன்படிக்கையின்படி 1749இல் ஊர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, கத்தோலிக்கக் குருமார் பகைவருக்குத் துணைநின்றதாகக் கும்பெனி குற்றம் சாட்டியது. கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோவில் இடிக்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் வேப்பேரியில் கட்டிய சிற்றாலயம் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தச் சபை மிஷனரிகளிடம் கொடுக்கப்பட்டது. தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் அந்த வேப்பேரியை வேறு காரணத்துக்காக அறிவார்கள். ஃபப்ரிசியுஸ் தங்கியிருந்து தம் தமிழ் அகராதியை உருவாக்கியது அங்கேதான். ஒருவர் இழந்த இடத்தில் இன்னொருவர் அகராதி செய்தார். வரலாறு நன்மையையும் தீமையையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்துப் பரிமாறுவதில்லை.

கப்புச்சின்கள் கோட்டைக்கு வெளியே, ஆர்மீனியத் தெருவில், தங்கள் பழைய கல்லறை நிலத்தில் 1775இல் புதிதாகக் கோவில் கட்டினர். இன்று அந்தோணியார் பக்தர்கள் செவ்வாய்தோறும் கூடும் புனித மரியன்னை இணைப் பேராலயம் அதுவே. அதன் வாயிலில் 1642 என்ற ஆண்டு காணப்படும். இப்போதுள்ள கட்டடத்தின் ஆண்டு அதுவன்று. எஃப்ரேம் வந்த ஆண்டு. கட்டடம் போனாலும் தொடர்ச்சி போகவில்லை என்பதை ஓர் எண்ணால் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த அனுபவம் சென்னைக் கத்தோலிக்கரின் நினைவில் எளிதாக மறைந்திருக்காது. ஆள்வோர் சீர்திருத்தச் சபையினர். கோவில் நிற்பதும் வீழ்வதும் அவர்கள் மனநிலையைப் பொறுத்தது. பிரிட்டனிலேயே கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர வழிசெய்த சட்டம் நிறைவேறியது 1829இல்தான். அதே ஆண்டில் இங்கே கறுப்பர் நகரத்தின் வடமதிலுக்கு அப்பால் படகுக்காரர்கள் தங்கள் கோவிலைக் கட்டி முடித்தார்கள். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆயினும் இலண்டனில் ஒரு கத்தோலிக்கப் பிரபு அரசியல் உரிமை பெற்ற ஆண்டில், அந்தப் பேரரசின் தொலைதூரக் கடற்கரையில் கூலிக்குத் துடுப்பு வலித்த கத்தோலிக்கர் தமக்கென ஒரு கோவிலைப் பெற்றிருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

*

எங்கிருந்து வந்தது அவர்களுக்கு அந்த வலிமை?

விடை கடலில் இருக்கிறது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓயாது மடிந்து உடையும் அலைவரிசை. ஐரோப்பியரின் படகுகள் அந்த அலையில் மோதித் தரைதட்டினால் பலகை பிளந்துவிடும். அங்கே தாக்குப்பிடித்தது இவ்வூர் மசூலா படகு ஒன்றே. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். இடுக்குகளில் வைக்கோலைச் செருகியிருப்பார்கள். உள்ளே விலாக்கட்டைகள் இல்லை. எனவே அலை அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. முப்பது அடிக்கு மேல் நீளமுள்ள அப்படகைச் செலுத்த எட்டுப் பத்துப் பேர் வேண்டும். அலை சுருண்டு வரும் கணத்தைக் கணித்து, ஒரு குரலுக்கு எல்லோரும் துடுப்பை வலிக்க வேண்டும். அக்கணக்கு ஏட்டில் கற்கும் கணக்கன்று.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இறங்கிய ஆளுநர்களும் நீதிபதிகளும் மிஷனரிகளும், ஏற்றப்பட்ட துணிப்பொதிகளும், இறக்கப்பட்ட சாராயப் பீப்பாய்களும் இந்தத் தோள்களின் வழியாகவே வந்து போயின. அவர்கள் ஒருநாள் துடுப்பைக் கீழே வைத்தால் கும்பெனியின் வணிகம் நின்றுவிடும். கும்பெனி அவர்களைக் கடுமையாகக் கண்காணித்தது, திருட்டுக் குற்றம் சுமத்தியது, கூலியை வரையறுத்தது. ஆனால் அவர்கள் இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. 1829இல் எழுந்த கோவில் அந்தப் பேரம் பேசும் வலிமையின் உச்சத்தில் எழுந்தது. அது பக்தியின் சின்னம். ஒரு தொழிற்சமூகம் தன் இன்றியமையாமையை ஊருக்கு அறிவித்த சின்னமும் ஆகும்.

கட்டுமானப் பொருளும் கடலுக்கு அந்நியமானதன்று. அக்காலச் சென்னைக் கட்டடங்களின் புகழ் சுண்ணாம்பால் வந்தது. எண்ணூர், பழவேற்காட்டுக் காயல்களில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைப்பார்கள். மேற்பூச்சை முட்டையின் வெண்கருவும் மோரும் சேர்த்து இழைத்துப் பளிங்குபோல மெருகேற்றுவது உண்டு. தளம் போடும் முறை தனி. தேக்கு உத்திரங்களின்மேல் கட்டைகளை அடுக்கி, மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் கோணலாக வைத்து, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். மெட்ராஸ் தளம் என்று உலகம் அறிந்த அந்தக் கூரையின் உறுதி, காரையில் பாதி என்றால் அந்தக் கைகளில் பாதி.

*

கட்டியவர்களுக்குக் கோவிலின்மேல் என்ன உரிமை? தமிழகக் கத்தோலிக்க வரலாற்றின் மிகக் கூர்மையான கேள்விகளுள் ஒன்று இது.

திருச்சபைச் சட்டத்தின் விடை தெளிவானது. கோவில் என்பது வழிபாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட இடம். அதன் நிர்வாகம் ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆனால் அதே சட்டம் பல நூற்றாண்டுகளாகப் புரவலர் உரிமை என்ற ஒன்றையும் ஏற்றிருந்தது. கோவிலுக்கு நிலமோ பொருளோ கொடுத்துக் கட்டியவர், அங்கே குருவை நியமிக்கப் பெயர் முன்மொழியலாம். திருவிழாவில் சிறப்பிடம் பெறலாம். போர்த்துகல் அரசர் இந்தியாவில் ஆயர்களை முன்மொழிந்ததும் இந்த உரிமையின் மாபெரும் வடிவத்தால்தான். பத்ருவாதோ என்று அதற்குப் பெயர். உரோமை நேரடியாக அனுப்பிய மிஷனரிகளுக்கும் பத்ருவாதோ குருமாருக்கும் இடையே சென்னையில் நீண்ட காலம் பூசல் நிலவியது. ஒரே நகரத்துக்குள் சென்னை உயர் மறைமாவட்டம், மயிலை மறைமாவட்டம் என இரண்டு ஆட்சிகள் இருந்தன. இரண்டும் இணைந்தது 1952இல்தான். அதற்குள் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, இனிப் புதிதாகப் புரவலர் உரிமை எதுவும் உண்டாகாது என்று கதவை மூடிவிட்டது.

ஆயின் நம் மக்கள் உரோமைச் சட்டத்தை மட்டும் கொண்டு வாழவில்லை. தேர் வடத்தை முதலில் தொடுபவர் யார், மண்டகப்படி யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்னும் கேள்விகளோடு வளர்ந்தவர்கள் அவர்கள். மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் கடற்கரை ஊர்களில் இருந்தது. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குப் பொற்றேர் 1806இல் ஓடியபோது அதன் பின்னே பரதவர் சாதித் தலைவரின் அதிகாரம் நின்றது. குருமாரும் சாதித் தலைவரும் அங்கே நெடுங்காலம் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்த உரிமைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டுக் கட்டியவர் உரிமையைப் போற்றுவது நேர்மையாகாது. திருநெல்வேலிப் பகுதியில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டி முடிக்கப்பட்டபோது, வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கி நிற்கும்படி, இரு கால்களாகப் பிரிந்த வடிவத்தில் கட்டினார்கள். கால்சட்டைக் கோவில் என்று மக்கள் சொன்னார்கள். 1910இல் கௌசானல் அடிகளார் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். தம் இடம் பறிபோயிற்று என்று வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கோவிலுக்குள் சாதிப் பிரிவினையை உரிமையாகக் கோர முடியாது என்று முடிந்தது. ஆக, எங்கள் முன்னோர் கட்டியது என்ற ஒரே வாக்கியம் ஓரிடத்தில் உழைத்தவரின் பெருமிதமாகவும், வேறோரிடத்தில் அடுத்தவரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் இருந்திருக்கிறது. ஆயரின் அதிகாரம் சில இடங்களில் மக்களின் குரலை அடக்கியது. வடக்கன்குளத்தில் அதுவே சுவரையும் உடைத்தது. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பெழுதுவது எளிது, உண்மைக்கு நெருங்கியதன்று.

*

இராயபுரத்தின் கதை வேறு திசையில் திரும்பியது. படகுக்காரரின் உரிமையை ஆயரோ நீதிமன்றமோ குலைப்பதற்கு முன்னரே, அவர்களின் தொழிலை இரும்பும் கல்லும் குலைத்துவிட்டன.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்டது. கோவில் எழுந்து இருபத்தேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. அலையோசையும் மணியோசையும் கேட்ட ஊரில் மூன்றாவதாக ஓர் ஓசை சேர்ந்தது. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமைந்தது. சரக்கை அலைக்கு அப்பாலேயே இறக்கிவிட முடிந்தது. 1872இல் புயல் அப்பாலத்தைச் சிதைத்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரு கரங்களாகக் கடலை வளைத்த அந்த அலைத்தடுப்பு முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், மற்றொரு புயல் அதை உடைத்தெறிந்தது. மறுபடியும் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தார். அதன்பின் கப்பல்கள் நேரே கரையை அணைந்தன. ஆணியில்லாப் படகுக்கும் அதைச் செலுத்திய தோளுக்கும் வேலை இல்லாமற்போயிற்று. கோவில் கட்டிய தலைமுறையின் பேரன்மார், பாட்டன் கண்ட தொழில் கண்முன்னே மறைவதைக் கண்டிருப்பார்கள்.

துறைமுகம் தொழிலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, நிலத்தையும் எடுத்துக்கொண்டது. நம் கீழைக் கடற்கரையில் மணல் ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகத்தின் தென்கரம் அந்த மணலைத் தடுத்து நிறுத்தியது. தடுத்த மணல் தெற்கே குவிந்து நாம் பெருமைகொள்ளும் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை எடுத்துச் செல்வதை நிறுத்தவில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எனக் கடல் உள்ளே ஏறிக்கொண்டே வந்தது. பட்டினத்தார் அடங்கிய இடம் என்று மக்கள் வணங்கும் திருவொற்றியூர்க் கரையிலும் பாறாங்கற்களைக் கொட்டித்தான் கடலைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். தென்சென்னை மாலையில் காற்று வாங்கும் மணற்பரப்புக்கு வடசென்னை தன் கரையால் விலை கொடுத்திருக்கிறது. இது உவமையன்று, மணலின் கணக்கு.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அந்தக் கடன் இன்னொரு முறை வசூலிக்கப்பட்டது.

*

இனிப் புதுப்பித்தலுக்கு வருவோம். ஒரு கோவில் ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதில்லை. கடற்கரைக் கோவில் என்றால் தலைமுறைக்கு ஒருமுறை ஏறத்தாழ மறுபடியும் கட்டப்படுகிறது. உப்புக்காற்று ஓயாமல் வீசும் இடத்தில் சுவர் ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சுக்கு நுண்துளைகள் உண்டு. ஈரம் அவ்வழியே வெளியேறிவிடும். உப்பு பூச்சின் மேலே பூத்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். திருவிழாவுக்கு முன்னால் வெள்ளையடிப்பது என்ற வழக்கத்துக்குள் இந்த அறிவும் ஒளிந்திருந்தது.

சிமெண்டு வந்தபின் கணக்கு மாறியது. உதிராத பூச்சு, நிறம் மங்காத வண்ணம், வழுக்கும் ஓடு என ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதியோடு வந்தது. பழைய செங்கல்லின்மேல் சிமெண்டைப் பூசினால் சுவரின் மூச்சு அடைபடும். உள்ளே சிக்கிய ஈரம் மேல்நோக்கி ஏறி, உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே படியவிடும். வெளியே பூச்சு திடமாக இருக்கும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பழைய கட்டடம் தாங்காது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்ற முடிவுக்கு எல்லோரும் எளிதாக வந்துவிடுகிறார்கள். நோயை உண்டாக்கிய மருந்தைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. பல ஊர்க் கோவில்கள் இப்படித்தான் மறைந்தன. சைவ, வைணவக் கோவில்களில் மணல் வீச்சு முறையால் சிற்பங்கள் தேய்ந்ததும், கற்றூண்கள் எனாமல் வண்ணம் பூண்டதும் இதே மனப்பான்மையின் வேறு முகங்கள்.

புதுப்பித்தலுக்குச் சமயக் காரணமும் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. அதன்பின் இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. சுவரை நோக்கி நின்ற குரு மக்களை நோக்கித் திரும்பினார். அதற்காகப் பீடம் முன்னே நகர்ந்தது. பல கோவில்களில் பழைய உயர்பீடங்கள் அகற்றப்பட்டன. மக்களுக்கும் பீடத்துக்கும் நடுவே இருந்த கிராதிகள் எடுக்கப்பட்டன. உயரத்திலிருந்த பிரசங்க மேடைகள் பயனற்றுப் போயின. மரத்தில் செதுக்கிய அருமையான வேலைப்பாடுகள் விறகானது ஒரு பெரும் இழப்பு. ஆனால் தன் தாய்மொழியில் மன்றாடக் கிடைத்த வாய்ப்பை எந்தச் சிற்பத்தைக் கொண்டு ஈடுசெய்வது? கிராதி எடுக்கப்பட்டபோது கலையின் ஒரு துண்டு போயிற்று. அதற்கு அப்பால் நிற்க வேண்டியவர் யார் என்ற பழைய வினாவும் அதனோடு சேர்ந்து போயிற்று.

பெயரும் புதுப்பிக்கப்பட்டது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. ஒற்றுமையின் பொருட்டு அருளப்பர் யோவான் ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். நோக்கம் நல்லது. ஆனால் வீரமாமுனிவர் காலத்து மரபு ஒன்று அதனோடு வழக்கொழிந்தது. இன்று இராயபுரத்தின் இளம்பிள்ளை புனித பேதுரு ஆலயத்துக்குப் போகிறது; தன் ஊர்ப் பெயருக்குள்ளேயே அந்தப் பேதுரு அமர்ந்திருப்பதை அறியாது. கோவிலின் பெயர் மாறியது. கோவிலால் வந்த ஊர்ப்பெயர் மாறவில்லை. இடித்த கட்டடத்தின் வாயில் வளைவு மட்டும் தெருவில் எஞ்சி நிற்பது போன்றது இது.

*

எனவே பழையதை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுவதற்கில்லை. வழிபாடு நடக்கும் கட்டடம் அருங்காட்சியகம் ஆகாது. மழையில் ஒழுகும் கூரையின்கீழ் முழந்தாளிட்டிருப்பவரிடம் மரபின் அருமையைப் பேசுவது பண்பாடும் ஆகாது. பங்கு மக்கள் பெருகுகிறார்கள், இடம் போதவில்லை, முதியோருக்குச் சாய்தளம் வேண்டும், வெயிலுக்கு மின்விசிறி வேண்டும். சாந்தோமிலேயே போர்த்துகீசியர் கட்டிய பழைய கோவிலை முற்றாக அகற்றிவிட்டுத்தான் 1896இல் இப்போதைய பேராலயத்தை எழுப்பினார்கள். இன்று நாம் மரபு என்று காக்கத் துடிப்பது அன்றைய புதுமை. அது 2002 முதல் 2004 வரை பழுதுபார்க்கப்பட்டபோது, புனித தோமையாரின் கல்லறைக்குத் தனிவழி அமைத்துப் பேராலயத்தின் உள்ளமைதியையும் காத்தார்கள். வேண்டியதைச் சேர்த்து, இருந்ததைக் கெடுக்காமல் பணிசெய்ய முடியும் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது. மரபுக் கட்டடங்களைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் விரிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. 2012இல் தமிழ்நாட்டு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் எத்தனையோ சுவர்கள் பேசாமல் மறைந்தன. கோவிலைக் காப்பவர்கள் முதலில் அதில் வழிபடுபவர்களே.

அவர்கள் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. சுவரைத் தொடுமுன் அதை அளந்து வரைந்து வைக்கலாம். தரையில் பதித்த கல்லறைப் பலகைகளையும் மணியிலும் பீடத்திலும் உள்ள எழுத்துகளையும் படியெடுக்கலாம். புது ஓடு பதிக்கும்போது முதலில் மறைவன அவையே. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசச் சொல்லலாம். அவ்வேலை அறிந்த கொத்தனார்கள் அருகி வந்தாலும் இல்லாமற்போய்விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பங்கின் பதிவேடுகள் இருக்கின்றன. திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்று திரிதெந்தின் சங்கம் பதினாறாம் நூற்றாண்டிலேயே விதித்தது. அதன் பயனாக, வேறெந்த ஆவணத்திலும் பெயர் ஏறாத ஏழைகளின் பெயர்கள் கத்தோலிக்கப் பதிவேடுகளில் ஏறியிருக்கின்றன. நமக்குச் சோழ அரசரின் மெய்க்கீர்த்தி தெரியும். துடுப்பு வலித்தவன் மகள் எந்த நாளில் திருமுழுக்குப் பெற்றாள் என்பதைச் சொல்லும் ஏட்டின் அருமை தெரியாது. கரையான் அரிக்குமுன் அவற்றைப் படமெடுத்துக் காப்பது, கோபுரத்துக்குப் புதுவண்ணம் அடிப்பதைவிட முந்திச் செய்யவேண்டிய திருப்பணி.

சென்னையின் வரலாறு பெரும்பாலும் கோட்டைக்குள்ளிருந்து எழுதப்பட்டிருக்கிறது. ஆளுநர்களுக்குச் சிலைகள் உண்டு. தெருக்களில் பெயர்கள் உண்டு. அவர்களை அலைமீது தூக்கிவந்து கரையில் இறக்கியவர்களுக்கு இந்நகரம் எழுப்பிய நினைவுச்சின்னம் என்று ஒன்றைத் தேடினால் காண்பது அரிது. அவர்கள் தங்களுக்காகத் தாங்களே எழுப்பியது ஒன்று உண்டு. அதைச் சுமந்த படகு மறைந்துவிட்டது. அது நின்ற கரை கரைந்துவிட்டது. அதன் பெயரும் மாறிக்கொண்டிருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் எஞ்சியிருக்கின்றன. அடுத்த முறை சாரம் கட்டும்போது, அந்தச் சுவரைப் பூசியவர்கள் யார் என்பதை ஒரு கல்லிலாவது எழுதிவைத்துவிட்டுப் பூச்சைத் தொடங்குவது நல்லது.